கழுதைப்புலிக் கிணறு

போன் போகவில்லை. தீகா நான்காவது தடவையாக அப்பாவின் எண்ணை அழுத்தினாள். நான்காவது தடவையும் அதே பெண், அதே சுவாஹிலியில், நீங்கள் அழைக்கும் எண் இப்போது தொடர்பில் இல்லை என்றாள். ஐந்தாவது தடவை விரல் தப்பி வேறு யாருக்கோ போய்விட்டது. பதறிக்கொண்டு துண்டித்தாள்.

கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு நிழல் இருந்தது. அதில் ஒண்டிக்கொண்டு நின்றாள். தொட்டிக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட கூடம். கூடத்துக்குள் ஐந்து பெரியவர்கள் அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வார்த்தைகள் பிடிபடவில்லை. நடுவில் யாரோ வாய்விட்டுச் சிரித்தது மட்டும் சுவரைத் தாண்டி வந்தது.

அப்படி என்ன சொல்லிவிட்டாள்?

எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். ஒன்றைக்கூட விடவில்லை. தடுமாறவில்லை. "வெளிய போய் நில்லும்மா, கூப்பிடுறோம்" என்று தலைவர் சொன்னபோதுகூட, எல்லாருக்கும் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள். ஐந்து பேரில் ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய படிவத்தில் எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் பேனாவை மூடி வைத்திருந்தார்.

பதினெட்டு முடிந்தால் தேசிய அடையாள அட்டை வாங்க வேண்டும். அவளோடு ஒரே பெஞ்சில் படித்த கத்தூனி நைரோபியில் ஒரு புதன்கிழமை போய்ப் பத்து விரலையும் மையில் வைத்து எடுத்துவிட்டு, வரும் வழியில் உருளைக்கிழங்கு வறுவல் தின்றுவிட்டு வந்தாள். அவளுக்கு அவ்வளவுதான். தீகாவின் பெயரைப் பார்த்ததும் அதே ஜன்னலில் இருந்த ஆள் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். "சோமாலி ஆளுங்களா? அப்பாவோட ஊருக்குப் போங்க. அங்க பெரியவங்க உக்காந்து விசாரிப்பாங்க. அவங்க கையெழுத்து இருந்தா வாங்க."

அப்பாவின் ஊர் பூராலே. பஸ்ஸில் பதினோரு மணி நேரம். தீகா பிறந்ததும் வளர்ந்ததும் நைரோபியின் இஸ்லிப் பகுதியில். ஒரு தடவைகூட அப்பா அவளைப் பூராலேவுக்குக் கூட்டிப்போனதில்லை. ரோடு மோசம் என்பார். வறட்சி என்பார். லாரி ஓட்டுகிறவருக்கு ரோடு மோசமாக இருந்தால் என்ன என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. தீகாவின் ஒன்பது வயதில் அம்மா இறந்துவிட்டாள். அம்மா அட்டை வாங்கியதே இல்லை. ஆகவே அவளுடைய கோப்பில் இருந்தது ஒரே காகிதம்: அப்பா நூர் கூலேதின் அட்டை நகல்.

இந்த மாதம் இருபத்தெட்டுக்குள் அட்டை எண் வேண்டும். எண் இல்லாவிட்டால் பல்கலைக்கழகப் படிவம் அடுத்த பக்கத்துக்கே நகராது. செவிலியர் படிப்பு. கிடைத்த இடம் கைவிட்டுப் போய்விடும். இன்றைக்குத் தேதி பதினொன்று.

கண்ணை மூடிக்கொண்டு கூடத்துக்குள் நடந்ததை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள்.

ஹாஜி துபோ தான் தலைவர். மருதாணி போட்டுச் சிவந்த தாடி. கையில் ஒட்டகப்பால் டீ. "உக்காரு. பேரு? அப்பா பேரு? அதுக்கு மேல சொல்லிக்கிட்டே போ" என்றார். தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று பன்னிரண்டு தலைமுறையைச் சொன்னாள். சோமாலிப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது தெரியும், எழுத்து தெரிவதற்கு முன்னால் தெரியும். பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் மட்டும், "நைரோபிப் பேச்சு, பாதி சுவாஹிலி" என்று முணுமுணுத்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு.

அப்புறம் ஹாஜி துபோ கேட்டார், "நம்ம ஊர்ல எத்தனை கிணறு? சொல்லு பாப்போம்."

தீகாவுக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும் போலிருந்தது. இதைத்தானே படித்துக்கொண்டு வந்தாள்! பள்ளியில் வாஃபூலா சார் வகுப்பில் மாவட்டங்களை எண் வரிசைப்படி ஒப்பிக்கிற மாதிரியே, விரலை மடக்கி மடக்கி, அதே ராகத்தில் சொன்னாள்.

"நெட்டைக் கிணறு, வெள்ளைக் கிணறு, முள்மரக் கிணறு, இரட்டைக் கிணறு, ஷேக் கிணறு, ஒட்டகக் கிணறு, கழுதைப்புலிக் கிணறு. மொத்தம் ஏழு, அதேர்."

அப்பாவின் அண்ணன் தம்பியை அழைக்கிற சொல் அதேர். வயதான ஆண்களை எல்லாம் அப்படித்தான் கூப்பிட வேண்டும். அப்பா லாரியைக் கிளப்பும்போது அதை இரண்டு தடவை நினைவுபடுத்தியிருந்தார்.

ஹாஜி துபோ டீயைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். அதே வரிசை. அதே ராகம்.

அதற்கு அப்புறம்தான் பேனா மூடப்பட்டது.

"என்ன நைரோபி, தொட்டிக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கிற? பாம்பு வரும்."

தூக்கிவாரிப் போட்டது. ஒல்லியான ஒரு பையன். காலையில் வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவன். உள்ளே போய் இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தவன். அப்ஷிர் என்று யாரோ கூப்பிட்டார்கள். வாயில் பல்குச்சியை மென்றுகொண்டிருந்தான்.

"சிக்னல் தேடுறேன்" என்றாள்.

"இங்க எங்க கெடைக்கும்? மசூதிப் பக்கம் போ. சுவத்துல முதுக வச்சு நின்னா ரெண்டு கோடு வரும். மூணாவது கோடு வெள்ளிக்கிழமைதான் வரும்."

சிரிக்க முயன்றாள். வரவில்லை. "அங்க போனா கூப்பிடுறது கேக்காது. உன்ன உள்ள என்ன கேட்டாங்க?"

"என்னையா? ஹாஜி துபோ என் மூஞ்சியப் பாத்தாரு. 'உங்கம்மா என்னோட பெரிய சட்டிய எப்பத்தான் திருப்பிக் குடுக்கப் போறா'ன்னாரு. எங்க அக்கா கல்யாணத்துக்கு வாங்கினது. 'ரம்ஜானுக்குள்ள குடுத்துருவோம் அதேர்'னேன். 'எந்த வருஷ ரம்ஜானு'ன்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டாரு."

"அவ்வளவுதானா? கிணறு கேக்கலையா?"

"கேட்டா மட்டும் எனக்குத் தெரியுமாக்கும். எங்க வீட்ல குழாய்த் தண்ணி. நெட்டைக் கிணறு தெரியும், அதுல எங்க ஆடு விழுந்துச்சு. வெள்ளைக் கிணறு தெரியும், பொண்ணுங்க வருவாங்க." சிரித்தான். "ஒட்டகக் கிணறு. அதோட சரி. மொத்தம் எத்தனை?"

"ஏழு."

"ஏழா? அவ்வளவு எங்க இருக்கு? சொல்லு."

சொன்னாள். இந்தத் தடவை ராகம் இல்லாமல், மெதுவாக. ஷேக் கிணறு வரைக்கும் அவன் "ஆமா ஆமா, அது ஒண்ணு இருக்கு" என்று தலையாட்டிக்கொண்டே வந்தான். கடைசிப் பெயரைச் சொன்னதும் மெல்லுவதை நிறுத்தினான்.

"அத உள்ள சொன்னியா?"

"ஏன்?"

"சொன்னியான்னு கேக்குறேன்."

"சொன்னேன். ரெண்டு தடவை."

பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தான். "அப்படி ஒரு கிணறே கெடையாது."

தீகா அவனையே பார்த்தாள்.

"விளையாடல. எங்க தாத்தா அந்தக் காலத்துல இந்தக் கூட்டத்துல உக்காந்தவரு. ஊரே வயிறு வலிக்கச் சிரிச்ச கதை இது. அப்ப எல்லைக்கு அந்தப் பக்கம் சண்டை. அங்கேர்ந்து வந்து அட்டை கேக்குறவங்களுக்கு எவனோ லிஸ்ட் எழுதிக் குடுத்துட்டிருந்தான். தலைவர் பேரு, கிணறு பேரு, மலை பேரு. எல்லாரும் வந்து ஒரே வரிசையில ஒப்பிக்கிறாங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி. கேக்குறவங்களுக்கு யாரு எவருன்னே புரியல. அன்னிக்கு ராத்திரி ஹாஜி துபோவோட ஆட்டக் கழுதைப்புலி அடிச்சிருச்சாம். மனுஷன் கடுப்புல, 'ஏழாவதா கழுதைப்புலிக் கிணறுன்னு ஒண்ணு இருக்குன்னு சந்தையில சொல்லி விடுங்கடா'ன்னாரு. ஒரே வாரம். லிஸ்ட்ல ஏறிருச்சு. அப்புறம் என்ன, எவன் வந்து ஏழு சொல்றானோ..."

அங்கே நிறுத்திக்கொண்டான்.

"எப்ப நடந்துச்சு?" என்றாள் தீகா.

"எங்க பெரிய அண்ணன் பொறந்த வருஷம். அவனுக்கே தாடி வந்துருச்சு. இப்பல்லாம் யாரும் ஏழு சொல்றதில்ல. அந்த லிஸ்டே செத்துப் போச்சுன்னு நெனச்சோம்." அவளை மேலும் கீழும் பார்த்தான். கேலி இல்லை. காலையில் வரிசையில் 'நைரோபி, உன் பை பெருசா நீ பெருசா' என்று வம்பிழுத்தபோது இருந்த முகம் போய், வேறு முகம் வந்திருந்தது. தெரியாத ஆளைப் பார்க்கிற முகம். "நான் வர்றேன். அம்மா தேடுவாங்க."

"அப்ஷிர், நான்..."

"சட்டி வேற தேய்க்கணும்" என்றான், திரும்பிப் பார்க்காமல்.

வேப்பமரத்தடியில் காத்திருந்தவர்களைத் தாண்டும்போது அவன் யாரிடமோ ஏதோ சொன்னான். இரண்டு பேர் தொட்டிப் பக்கம் பார்த்தார்கள். அவள் பார்ப்பது தெரிந்ததும் வேறெங்கோ பார்த்தார்கள். காலையில் தன் மண்டாசிப் பணியாரத்தில் பாதி பிய்த்துக் கொடுத்த ஒரு பெண்ணும் அதில் இருந்தாள்.

தீகா போன் உறையைக் கழற்றினாள். உள்ளே மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்தாள்.

நான்கு நாளைக்கு முன்னால் அப்பா இதைத் தன் பணப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அட்டைக்குப் பின்னால் இருந்த அறையிலிருந்து. "போட்டோ எடுக்காத. வேற எங்கயும் எழுதாத. மனப்பாடம் பண்ணிட்டு என்கிட்டயே திருப்பிக் குடு, ஆபோ" என்றார். அவள் அவரை ஆபோ என்பாள், அவரும் அவளை ஆபோ என்பார். சோமாலி வீடுகளில் அப்பாவும் பிள்ளையும் அந்த ஒரே சொல்லைத்தான் கைமாற்றிக்கொள்வார்கள்.

"இதுக்கு எதுக்கு மனப்பாடம், ஆபோ? போன்ல மேப் இருக்கு. பாத்துக்கலாம்."

"மேப்ல இல்லாததத்தான் கேப்பாங்க."

அவள் சிரித்தாள். மனப்பாடம் என்றாலே அவளுக்குச் சிரிப்பு. திக்கா என்ற ஊரில் விடுதிப் பள்ளியில் வாஃபூலா சார் நாற்பத்தேழு மாவட்டங்களையும் எண்ணோடு ஒப்பிக்க வைப்பார். ஒண்ணு மொம்பாசா, ரெண்டு க்வாலே, மூணு கிலிஃபி, நாலு தானா ரிவர், அஞ்சு லாமு, ஆறு தைத்தா தவேத்தா. ஏழு வரும்போது மட்டும் தீகா மற்றவர்களைவிடச் சத்தமாகக் கத்துவாள். ஏழு கரிஸ்ஸா, பூராலே இருக்கிற மாவட்டம். அவளுடைய மாவட்டம். பார்த்தேயிராத அவளுடைய மாவட்டம். கடைசி வருடம் பேச்சுப்போட்டியில், 'விரலைத் தட்டினால் கிடைப்பதை மண்டையில் எதற்கு அடைக்க வேண்டும்' என்று பேசி ஒரு பிளாஸ்க் பரிசு வாங்கினாள். கைதட்டல் அடங்கியதும் வாஃபூலா சார் கேட்டார்: "பிளாஸ்க்கு சரி. நாளைக்கு உன் வீட்டு அட்ரஸையும் போன்கிட்டதான் கேப்பியா?" வகுப்பே அவளோடு சேர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தது.

அப்பாவின் காகிதத்தை ஆனாலும் ஒரே மாலையில் மனப்பாடம் செய்தாள். ராகம் போட்டால் ஏறிவிடுகிறது. மறுநாள் அவர் எல்லை தாண்டி ஜூபாவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவசரத்தில் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டாள்.

இப்போது வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தாள். மடிப்புகள் கிழிந்து ஒட்டப்பட்டிருந்தன. ஒட்டிய நாடாவே பழுத்து உதிரும் நிலையில் இருந்தது. தனக்காக அப்பா எழுதியது என்று ஏன் நினைத்தாள்? அவளைவிட மூத்த காகிதம் இது. மேலே ஒரு தலைவர் பெயர், ஒரு மலைப் பெயர், ஆறு கிணறுகள். எல்லாம் நீல மையில், சாய்ந்து சாய்ந்து, யாரோ அவசரமாக எழுதிய கையெழுத்து.

ஏழாவது மட்டும் கறுப்பு மை.

அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியும். பள்ளி விண்ணப்பங்களில் தெரியும். விடுதிக்கு வரும் சோப்புப் பொட்டலங்களின் மேல் 'தீகா நூர்' என்று இருக்கும். கடைசி எழுத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி முடிக்கிற கை.

தரையில் உட்கார்ந்துவிட்டாள். சூடு பாவாடையைத் தாண்டி ஏறியது.

ஊர்க்காரனுக்கு லிஸ்ட் எதற்கு?

ஒருவேளை சின்ன வயதிலேயே ஊரைவிட்டு வந்திருப்பார். ஒருவேளை அவளைப் போலவே பயந்து யாரிடமோ கேட்டு வாங்கியிருப்பார். இருக்கலாம். அப்படியும் இருக்கலாம். ஆனால் இந்த ஊரிலிருந்து ஒரு சித்தப்பாவோ ஒரு அத்தையோ ஒருநாளும் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. அம்மா இறந்தபோது தொழுகைக்கு வந்தவர்கள் எல்லாரும் லாரிக்காரர்கள்.

பன்னிரண்டு பெயர்கள் நினைவுக்கு வந்தன. சின்ன வயதில் அப்பா அவளைக் கையைப் பிடித்துக் குர்ஆன் பள்ளிக்குக் கூட்டிப்போவார். போகும் வழியெல்லாம் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுப்பார். நூர், கூலேத், வார்சமே என்று ஆரம்பித்து மேலே ஏறும். நான்கு பெயர் வரைக்கும் ஓட்டமாக வரும். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் அப்பா கொஞ்சம் நின்று யோசிப்பார். அசதி என்று நினைத்திருந்தாள். அவரும் அப்போதுதான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாரோ?

அப்படியென்றால் அந்தப் பன்னிரண்டு பேர் யாருடைய தாத்தாக்கள்?

"தீகா நூர்!" வாசலிலிருந்து எழுத்தர் கத்தினார்.

காகிதத்தை மடித்து உறைக்குள் திணித்தாள். உறை மூடவில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே உள்ளே போனாள்.

மேஜையில் அவளுடைய கோப்பு திறந்து கிடந்தது. அப்பாவின் அட்டை நகலைக் காற்றில் பறக்காமல் ஒரு டீ கிளாஸ் வைத்து அழுத்தியிருந்தார்கள். கிளாஸின் அடியில் இருபத்துச் சொச்சம் வயது அப்பா. ஒட்டிய கன்னம். பெரிய காது. அவளுக்கும் அதே காதுதான்.

"பயப்படாதம்மா" என்றார் ஹாஜி துபோ. நிஜமாகவே அன்பாகத்தான் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. "நீ சின்னப் பொண்ணு. உன்மேல எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஒரே கேள்விதான். அந்தக் கழுதைப்புலிக் கிணத்த உனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

"யாரும் இல்ல, அதேர்."

"சும்மா சொல்லு. பேரச் சொன்னா நீ கெளம்பலாம். உன் தாளுல இங்கயே கையெழுத்துப் போடுறேன். நைரோபியில எவனாவது திரும்ப ஆரம்பிச்சிருக்கானா? யாரு கிட்ட வாங்கின?"

கையெழுத்து. இங்கேயே. ஒரு பெயருக்கு. கிளாஸின் அடியிலிருந்து அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன்ல பாத்தேன்" என்றாள்.

"போன்லயா?"

"மேப்ல. மேப்ல போட்டிருந்துச்சு."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எங்க, காட்டு" என்று ஹாஜி துபோ கையை நீட்டினார். போனைக் கொடுத்தால் உறை கழன்றுவிடும். கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டு, கட்டைவிரலை எடுக்காமல், மறு கையால் மேப்பைத் திறந்தாள்.

மெதுவாக விரிந்தது. ஒரே பழுப்பு. குறுக்கே நூல் மாதிரி ஒரு ரோடு. நடுவில் ஒரு நீலப் புள்ளி. வேறு ஒன்றும் இல்லை. பெரிதாக்கினாள். பழுப்புதான் பெரிதாயிற்று.

ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "மசூதி எங்க?"

"இதுல... இல்ல, அதேர்."

"சந்தை?"

"இல்ல."

"நெட்டைக் கிணறாவது இருக்கா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"மசூதியும் இல்ல, சந்தையும் இல்ல. இருக்கிற கிணறு ஒண்ணுகூட இல்ல. இல்லாத கிணறு மட்டும் இருக்கா?" அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அந்த நீலமா மினுக்குறது என்னது?"

"அது நாமதான், அதேர். நாம இங்க இருக்கோம்னு காட்டுது."

"நாம எங்க? நீதான் மினுக்கிக்கிட்டு இருக்க. நாங்க அஞ்சு பேரும் எங்க இருக்கோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். எழுத்தரும் சிரித்தார். ஹாஜி துபோ மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையாகும் அளவுக்கு அது உறையை அழுத்திக்கொண்டிருந்தது. பிடுங்கிவிடுவார் என்று நினைத்தாள். பிடுங்கவில்லை. கிளாஸை நகர்த்தி, நகலைக் கையில் எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"உங்கப்பா எங்க?"

"ஜூபா போயிருக்காரு. லாரி."

"வந்ததும் கூட்டிக்கிட்டு வா. அவரு வந்து இங்க உக்காரட்டும். நாங்க பேசிக்குறோம்."

"அதேர், இருபத்தெட்டுக்குள்ள நம்பர் வேணும். காலேஜு..."

"அவரு வரட்டும்மா." எழுத்தர் பக்கம் திரும்பினார். "இந்த அட்டை நம்பரையும் தனியா எழுதி வச்சுக்கோ. எந்த வருஷம் குடுத்ததுன்னு பாரு."

எழுத்தர் பேனாவைத் திறந்தார்.

மத்தியான பஸ்ஸில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. கடைசிக்கு முந்திய வரிசையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டாள். ஏறியவர்கள் யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை. பஸ் ஊரைத் தாண்டும்போது நான்கைந்து பெண்கள் மஞ்சள் குடங்களோடு ஒரு பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அது எந்தக் கிணறு? பெயர் ஏழும் தெரியும். எதைப் பார்த்து எதைச் சொல்வது என்று தெரியவில்லை. பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், தூசிதான் தெரிந்தது.

போனை எடுத்து எழுதினாள். 'ஆபோ, ஏழாவது கிணத்த நீங்க பாத்திருக்கீங்களா?' அழித்தாள். 'ஆபோ, அந்தப் பேப்பர் யாரு குடுத்தது?' அழித்தாள். 'ஆபோ, உங்க அட்டை நம்பர எழுதி வச்சுக்கிட்டாங்க.' அதை மட்டும் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள். போன் யார் கையில் இருக்கும் என்று தெரியாது. ஒருவேளை எல்லையில் எவனாவது வாங்கிப் பார்த்தால்? அதையும் அழித்தாள். அந்த எண் எங்கே போகும், எத்தனை நாளில் போகும், லாரியை எந்த ரோட்டில் நிறுத்துவார்கள்? கேட்க ஒரு ஆள் இல்லை. கத்தூனிக்குப் போன் பண்ணலாம். கத்தூனி என்ன சொல்வாள்? 'விரல மையில வச்சா முடிஞ்சுதே, இதுல என்னடி?' என்பாள்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பாலத்துக்கு முன்னால் பஸ் நின்றது. காவல் சோதனை. எல்லாரும் பழக்கத்தில் கையைச் சட்டைப் பைக்குள் விட்டு அட்டையை எடுத்துப் பிடித்துக்கொண்டார்கள். முன்வாசலில் ஏறிய போலீஸ்காரர் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வரும்போது இதே பாலத்தில் ஒருவர் "எந்த ஊரும்மா?" என்று கேட்டபோது பள்ளி அட்டையைக் காட்டி, "பூராலே" என்று யோசிக்காமல் சொன்னாள். அவர் நகர்ந்துவிட்டார். இப்போது அந்தச் சொல்லை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். வேறு யாருடைய செருப்பிலோ கால் நுழைத்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் போன் அடித்தது. ஆபோ.

"ஆபோ!" பின்னால் எஞ்சின் சத்தம், யாரோ கத்தும் சத்தம், எல்லாவற்றுக்கும் மேல் அவர் குரல். "இப்பத்தான் சிக்னலு வந்துச்சு. நாலு தடவை கூப்பிட்டிருக்க! என்னாச்சு, முடிஞ்சுதா? நல்லா பேசினியா? அதேர்னு மரியாதையா கூப்பிட்டியா?"

"ம்."

"குரலு ஏன் இப்படி இருக்கு? சாப்பிடலையா? எறங்கி ரெண்டு சாம்பூசாவாவது வாங்கிக்கோ. பயந்துட்டியா?" சிரித்தார். வருடத்தில் இரண்டு மூன்று தடவைதான் அப்பா அப்படிச் சிரிப்பார். "நான் பயந்தத விடவா நீ பயந்திருக்கப் போற. உன்கிட்ட சொன்னதில்ல. அன்னிக்கு அந்தக் கூடத்துல எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. ஆறு வரைக்கும் சொன்னேன். ஏழாவது சுத்தமா மறந்து போச்சு. போச்சுடா, எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். ஏனோ விட்டுட்டாங்க. அல்லாஹ்வோட கருணை."

போலீஸ்காரர் அவளுக்கு முன் வரிசைக்கு வந்துவிட்டார். போனை வைக்கச் சொல்லிக் கையை அசைத்தார்.

"ஆனா நீ படிச்ச பொண்ணு. உனக்கு எங்க மறக்கப் போகுது" என்றார் அப்பா. "ஏழையும் ஒழுங்கா சொன்னியா, ஆபோ?"